வரப்போரப் பறவைகளுக்கும் கணக்கு வேண்டும்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்படும். அடுத்த சில வாரங்களில் கும்பகோணத்தைச் சுற்றி ஓடும் காவிரியும் அரசலாறும் மணல்வெளியாகிவிடும். சம்பாவும் தாளடியும் களத்துக்கு வந்திருக்கும். வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் நிற்கும். வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோன இந்த மாசி, பங்குனியில்தான் டெல்டாவின் பறவைகளுக்கு ஆண்டின் முக்கியமான காலம் தொடங்குகிறது. வடக்கிலிருந்து வலசை வந்தவை திரும்பிப் பறப்பதற்காக வயிறார மேய்கின்றன. இங்கேயே வாழ்பவை கூடு கட்ட ஆயத்தமாகின்றன. இரண்டுக்கும் தண்ணீரும் இரையும் வேண்டும். தண்ணீரும் இரையும் அருகிவரும் நேரமும் இதுதான்.

பைனாகுலரும் குறிப்பேடுமாக விடிகாலையில் வயல்வெளிக்குக் கிளம்புகிறவர்களை இன்று பல ஊர்களிலும் காணலாம். ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலதரப்பட்ட அவர்கள் பார்த்த பறவைகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். டெல்டாவின் பறவைகளைப் பற்றிய நமது அறிவில் இருக்கும் பெரிய பள்ளத்தை நிரப்பக்கூடியவர்கள் இவர்களே. ஆகவே, இந்தப் பழக்கத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல் ஊர்ப் பொதுவேலையாகவே கருத வேண்டும்.

சரணாலயம் மட்டும் போதாது: பறவை பார்க்கப் போவது என்றால் நமக்கு வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி, கோடியக்கரை என்ற பெயர்களே நினைவுக்கு வரும். கோடியக்கரை 2002இலும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இலும், கரைவெட்டி 2024இலும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்கள் என்ற இந்த அங்கீகாரம் டெல்டாவுக்குப் பெருமை. ஆனால், கோடியக்கரையைத் தவிர்த்த மற்ற மூன்றும் பாசன ஏரிகள். அவை நிரம்புவது பெரும்பாலும் மேட்டூர்த் தண்ணீரால்தான். அங்கே அடையும் பறவைகளில் பல இரை தேடுவது வேலிக்கு வெளியே, விவசாயியின் வயலில்.

நத்தைகுத்தி நாரையை வயலில் சற்று நேரம் நின்று கவனித்தால் இது விளங்கும். அதன் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டுவதில்லை. ஓர் இடைவெளி இருக்கும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையைப் பிடிக்கிறது. கீழலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செலுத்தி, சதையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுக்கிறது. பிறகு சதையை மட்டும் உருவி விழுங்குகிறது. ஓடு பெரும்பாலும் உடையாமல் வரப்போரம் கிடக்கும். இந்த நாரை மரத்தில் கூடு கட்ட ஒரு சரணாலயம் இருந்தால் போதும். குஞ்சுக்கு இரை கொண்டுவர அதைச் சுற்றிப் பல ஊர்களின் சேற்று வயல்கள் வேண்டும். அந்த வயல்களை யார் கண்காணிக்கிறார்கள்?

எண்ணாத வாரங்கள்: கணக்கெடுப்புகளுக்குக் குறைவில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி மாதங்களில் நடந்துவருகிறது. பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணும் பழக்கம் தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கியது. பிப்ரவரியில் நான்கு நாள்கள் உலகெங்கும் வீட்டைச் சுற்றியுள்ள பறவைகளை எண்ணுகிறார்கள். வனத் துறையும் நீர்ப்பறவைகளுக்கு ஒரு கட்டம், நிலப்பறவைகளுக்கு ஒரு கட்டம் என்று மாநிலம் முழுவதும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு நடத்துகிறது. எல்லாமே போற்றத்தக்க முயற்சிகள். ஆனால், மார்ச் நடுப்பகுதியோடு இந்தச் சுறுசுறுப்பு அடங்கிவிடுகிறது. மே மாத இரண்டாம் சனிக்கிழமையன்று உலகம் முழுவதும் சேர்ந்து எண்ணும் நாள் வரும்வரை பெரிய அளவில் ஒன்றும் நடப்பதில்லை. பங்குனியும் சித்திரையும் பதிவேட்டில் வெற்றிடமாகிவிடுகின்றன.

அந்த வாரங்களில் காணக் கிடைப்பவை ஏராளம். மாசியில் வெளிறிக் கிடந்த மஞ்சள் வாலாட்டி பங்குனியில் தலைமுதல் வயிறுவரை பளிச்சென்று நிறமேறி நிற்கும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் வெண்மை மாறி இளஞ்சிவப்பு கலந்த பொன்னிறம் ஏறும். மடையானின் முதுகில் அரக்குச் சிவப்பு படரும். தகைவிலான்கள் மின்கம்பிகளில் கூட்டமாக வந்து அமரும். ஒருநாள் கம்பி காலியாக இருக்கும். குளிர்காலத்தைத் தோப்புகளில் கழித்த ஆறுமணிக்குருவி ஏப்ரல் வாக்கில் வடக்கே புறப்படும். எந்த வாரத்தில் எது வந்தது, எது போனது என்பதை உள்ளூரில் இருப்பவரால்தான் தொடர்ந்து சொல்ல முடியும். எப்போதாவது காரில் வந்து பார்த்துப் போகும் வல்லுநரால் முடியாது.

திரும்பிப் போகும் பறவையைக் கவனிப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. பட்டீசுவரத்தை ஒட்டியுள்ள சத்திமுற்றத்துப் புலவர் மதுரையில் குளிரில் நடுங்கியபடி ஒரு நாரையிடம் தன் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். தெற்கே குமரிவரை போய்விட்டு வடக்கு நோக்கித் திரும்பும்போது தன் ஊர்க் குளத்தில் தங்கிப் போகச் சொல்கிறது அந்தப் பாட்டு. செங்காலையும் அலகின் வடிவத்தையும் அவர் வருணித்திருக்கும் துல்லியத்தால், அது எந்த நாரை என்று இன்றைய பறவையியலாளரும் பேச முடிகிறது. ஒரு பறவை, அதன் அடையாளம், அது போகும் திசை, தங்கும் குளம் என்று ஒரு களக்குறிப்பில் இருக்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் புலவரின் ஊர்க் குளத்தில் இந்தப் பங்குனியில் எவை இறங்கின என்று எழுதி வைப்பது நம் கடமை.

பட்டியல் சான்றாவது எப்படி: அரிய பறவையைப் படம் பிடித்துப் பகிர்வதில் உள்ள மகிழ்ச்சி உண்மையானது. ஆனால், அந்தப் படம் ஒரு நாளின் செய்தி மட்டுமே. காக்கை, மைனா, கரிச்சான், மீன்கொத்தி என்று அன்று பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதி, எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்தால் அது சான்றாகிறது. எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால் அது கண்ணில் படவில்லை என்று பொருள். ஒரே பாதையில் ஆண்டுதோறும் எடுத்த பட்டியல்களில் பனங்காடை முன்பு எத்தனை முறை வந்தது, இப்போது எத்தனை முறை வருகிறது என்று ஒப்பிட்டுவிடலாம்.

2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படிப்பட்ட பட்டியல்களால் உருவானதுதான். 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை அது ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. நம் வயலோர மின்கம்பியில் அமரும் பனங்காடையின் நிலையை உலக அளவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அதைவிடக் கவலை தருவது இன்னொன்று. எஞ்சிய 604 இனங்களுக்கு நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதிய தரவு இல்லை.

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஆடுதுறையில் 1922இல் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஒரு நூற்றாண்டாக நெல்லின் உயரம், தூர், கதிர், மகசூல், நோய் எல்லாம் அங்கே அளக்கப்படுகின்றன. அதே வயல்களில் புழுவைத் தின்ற கரிச்சானுக்கும், எலியைப் பிடித்த கூகைக்கும், நத்தையைத் தின்ற நாரைக்கும் அப்படியொரு தொடர் பதிவு இல்லை. வயலில் பறவை அமரக் குச்சி நட்டு வைக்கும்படி வேளாண் துறை விவசாயிகளுக்குச் சொல்கிறது. அந்தக் குச்சியில் எந்தப் பறவை, எத்தனை வந்து அமர்ந்தது என்பதும் எழுதப்பட வேண்டியதுதான்.

பயிரைச் சேதப்படுத்தும் பறவைகளும் உண்டு. நடவு வயலை மிதித்துக் கடிக்கும் நீலத்தாழைக்கோழியால் விவசாயி இழப்பது பொய்யல்ல. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். இரு பக்கத்தையும் எழுதும் பதிவைத்தான் விவசாயி நம்புவார்.

பகிர்வதிலும் பொறுப்பு: கூட்டின் இடத்தைப் படத்தோடு பகிர்வதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கொக்கையும் மடையானையும் கண்ணி வைத்துப் பிடித்து இறைச்சிக்கு விற்பது டெல்டாவில் இன்னும் நின்றபாடில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். பெருங்கூட்டமாகப் பறவைகள் அடையும் இடத்தை ஊரறியச் சொல்வது வேட்டைக்காரருக்கு வழிகாட்டுவதாகிவிடும். பார்த்த பறவையைச் சொல்லுங்கள். கூட்டையும் அடையும் மரத்தையும் வனத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் மட்டும் சொல்லுங்கள்.

தூர்வாரும் காலமும் கூடுகளும்: பட்டியல் எதற்கு என்ற கேள்விக்கு விடை வாய்க்கால் கரையில் இருக்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம்வரை ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தூர்வாரும் வேலை நடக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் அது தவிர்க்க முடியாத வேலை. ஆனால், பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் செங்குத்தான மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும் காலமும் அதுவே. கோரைப் புதரில் நீர்க்கோழிகள் ஒதுங்குவதும் அப்போதுதான்.

ஆள்காட்டிக் குருவியைப் பாருங்கள். வெட்டவெளித் தரையில் சிறு பள்ளம் பறித்து, சுற்றிலும் கற்களைச் சேர்த்து, மண்ணின் நிறத்திலேயே நான்கு முட்டைகள் இடும். இரண்டடி தூரத்தில் நின்றாலும் முட்டை கண்ணுக்குப் புலப்படாது. உச்சி வெயிலில் அது பக்கத்துத் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைமேல் அமர்ந்து சூட்டைத் தணிக்கும். வாய்க்காலில் எஞ்சிய ஒரு குட்டை நீர் இல்லையென்றால் அந்த நான்கு முட்டைகளுக்கும் வழியில்லை.

இதற்காக வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. கரையின் இரு பக்கத்தையும் ஒரே மூச்சில் வழிக்காமல் ஓர் ஆண்டு ஒரு பக்கம் என்று மாற்றிச் செய்யலாம். பஞ்சுருட்டான் வளைகள் இருக்கும் சில அடிக் கரையை வேலையின் கடைசிக்குத் தள்ளலாம். குளத்தைச் சுற்றி முழுவதும் சிமெண்ட் பூசாமல் ஒரு மூலையில் கோரையையும் சேற்றுக்கரையையும் விடலாம். இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டாம். எங்கே எது கூடு கட்டுகிறது என்ற தகவல்தான் வேண்டும்.

நெல் வயலும் நாரையும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு ஜப்பானின் டோயோகா நகரம் சான்று. அங்கே 1971இல் அந்நாட்டின் கடைசிக் காட்டு நாரை இறந்தது. வளர்த்தெடுத்த நாரைகளை 2005இல் வெளியே விட்டார்கள். அதற்கு முன்பே விவசாயிகள் பூச்சிக்கொல்லியைக் குறைத்து, வயலில் தண்ணீரைக் கூடுதல் காலம் நிறுத்தி, தவளையும் மீனும் பெருக வழிசெய்தார்கள். நாரையின் பெயரால் விற்கும் அந்த அரிசிக்குக் கூடுதல் விலையும் கிடைக்கிறது. அழிந்த பிறகு அவர்கள் செய்ததை, இருக்கும்போதே செய்யும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

கிராம சபைக்கு ஒரு பட்டியல்: 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒருமுறை எழுதி அலமாரியில் வைத்துவிடாமல் ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் அந்தப் பதிவேட்டுக்கு உயிர் இருக்கும். உள்ளூர் ஆர்வலர்களின் மாசி, பங்குனிப் பட்டியல்கள் போய்ச் சேர வேண்டிய இடம் அதுவே. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வன உயிரியல் துறை இருக்கிறது. இனங்காண்பதில் சந்தேகம் வந்தால் கைகொடுக்கக்கூடிய அறிவு நம் பக்கத்திலேயே உண்டு.

தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இலும் மே தினத்திலும் கிராம சபை கூடுகிறது. முதல் கூட்டம் தூர்வாரும் வேலைக்கு முன்னால் வருகிறது; இரண்டாவது வேலை நடக்கும்போது வருகிறது. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு பேர் மாசி முழுவதும் வாரம் ஒருமுறை ஒரே பாதையில் நடந்து எடுத்த பட்டியலை முதல் கூட்டத்தில் படிக்கட்டும். எந்தக் கரையில் வளை, எந்தக் குட்டையில் தண்ணீர், எந்த மரத்தில் கூடு என்று நீர்வளத் துறையிடம் எழுத்தில் கொடுக்கட்டும். அதன்படி வேலை நடந்ததா என்று மே தினக் கூட்டத்தில் கேட்கட்டும். சரணாலயத்துக்கு அரசாணை வேண்டும். வரப்போரப் பறவையைக் காக்க ஊரின் தீர்மானமே போதும். அந்தத் தீர்மானத்துக்கு ஆதாரம் தரும் பொறுப்பு, விடிகாலையில் பைனாகுலரோடு கிளம்பும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.