கும்மிடிப்பூண்டியில் எத்தனை பேர்?

2025ஆம் ஆண்டில் மூன்று மாதங்களுக்குள் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை மூன்று முறை தலைப்புச் செய்தியானது. ஜூலையில் ஆரம்பாக்கம் அருகே, பள்ளி விட்டுத் தனியே நடந்துவந்த ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். ஏறத்தாழ இரண்டு வாரத் தேடலுக்குப் பின் கைதானவர் அசாமைச் சேர்ந்தவர். செப்டம்பர் தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில், தங்குமிடத்தில் தவறி விழுந்து இறந்த சக தொழிலாளிக்கு இழப்பீடு கேட்டு வடமாநிலத் தொழிலாளர்கள் திரண்டார்கள். அது கல்வீச்சிலும் கண்ணீர்ப் புகையிலும் போய் முடிந்தது. அதே மாதம் 30ஆம் தேதி எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒன்றைக் குற்றமாகவும், ஒன்றைச் சட்டம் ஒழுங்காகவும், ஒன்றை விபத்தாகவும் படித்துத் தனித்தனியே மறந்துபோனோம். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி: இந்த வட்டாரத்தில் வெளியூரிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள், அவர்களுக்கு யார் பொறுப்பு?

கொல்கத்தா நெடுஞ்சாலையும் சென்னை–கூடூர் ரயில் பாதையும் இதே வட்டாரத்தில் இருக்கும் கும்மிடிப்பூண்டியை ஒட்டி ஓடுகின்றன. எளாவூர் சோதனைச் சாவடியையும் ஆரம்பாக்கத்தையும் தாண்டினால் ஆந்திரம். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் உலை வெக்கையில் நிற்க ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆட்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறார்கள். மேஸ்திரி அழைத்து வருவார், காண்ட்ராக்டர் சம்பளம் போடுவார், லேபர் ஷெட்டுக்கு வேறொருவர் வாடகை வாங்குவார். வேலை எந்த ஆலையில் நடக்கிறதோ அந்த ஆலையின் பதிவேட்டில் தொழிலாளியின் பெயர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பொறுப்பு இப்படிக் கை மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் கணக்கும் நழுவிப்போகிறது. 2010களின் நடுவில் மாநிலத் தொழிலாளர் துறைக்காக நடந்த ஆய்வு, தமிழகத்தில் 10.67 லட்சம் புலம்பெயர் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு பெருந்தொற்று வந்து போயிற்று. எத்தனையோ ஆலைகள் எழுந்தன. ஆனாலும் பலர் அந்த எண்ணைத்தான் இன்றும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011க்குப் பிறகு நடக்கவே இல்லை. ஊரடங்கில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் ஊர் திரும்பியதாக 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்ன ஒன்றிய அரசிடம், வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை இல்லை. அப்படியொரு தரவு பராமரிக்கப்படவில்லை என்றது.

கணக்கு இல்லாத இடத்தில் வதந்திதான் கணக்காகிவிடுகிறது. 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. வேறெங்கோ நடந்த சண்டைகளின் படங்களை ஒட்டிச் செய்தவை அவை. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது; பயந்துபோன தொழிலாளர்கள் மூட்டை கட்டி ரயிலேறினார்கள். எதிர்த்திசையிலும் இதே நோய் உண்டு. ஒரு கொடுங்குற்றம் நடந்ததும், ‘இவர்கள் வந்த பிறகுதான் குற்றம் பெருகிவிட்டது’ என்ற பேச்சு டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை போகிறது. அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்; சோதித்துப் பார்க்க வழியில்லை என்பதுதான் என் கவலை. குற்ற விகிதம் என்றால், இத்தனை பேருக்கு இத்தனை குற்றம் என்று வகுத்துச் சொல்வது. வகுக்க வேண்டிய எண்ணே தெரியாதபோது விகிதம் எங்கிருந்து வரும்? குடும்பத்தைப் பிரிந்து தனியே வாழும் இளம் ஆண்கள் அதிகமுள்ள எந்தக் கூட்டத்தையும், எல்லா வயதினரும் வாழும் ஒரு கிராமத்தோடு அப்படியே ஒப்பிடுவதும் சரியாகாது.

இதற்கு உடனே வரும் பதில், ‘எல்லாரையும் காவல் நிலையத்தில் பதிவு செய்யுங்கள்’ என்பது. பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அச்சத்தை யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. ஆனால் அந்தப் பதிவேடு என்ன தரும் என்பதையும் பார்க்க வேண்டும். காண்ட்ராக்டர் கொண்டுவந்து கொடுக்கும் ஆதார் நகல்கள் காவல் நிலையத்தில் அடுக்காகும். சில வாரங்களில் ஆள் வேறு ஷெட்டுக்கோ வேறு மாநிலத்துக்கோ போயிருப்பார், நகல் அங்கேயே கிடக்கும். காவல் நிலையத்தைக் கண்டு அஞ்சுபவர் பதிவைத் தவிர்ப்பார். தவறு செய்யும் எண்ணத்தோடு வருபவரோ முதலிலேயே தவிர்ப்பார். கும்மிடிப்பூண்டியிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. சிப்காட் இருக்கும் அதே ஊரில்தான் மாநிலத்தின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்றும் இருக்கிறது. அடையாள அட்டை, உதவித்தொகைக்கான தலைக்கணக்கு, காவல்துறை கியூ பிரிவின் கண்காணிப்பு என்று தலைமுறைகளாக எண்ணப்பட்டவர்கள் அவர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வளவு துல்லியமாக எண்ணியும் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியதே 2021இல்தான். கடல் கடந்தும் இதே பாடம்தான்: சிங்கப்பூரில் ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளியும் அனுமதி அட்டையோடு அரசின் கணக்கில் இருந்தார். தமிழர்கள் பலர் தங்கியிருந்த விடுதிகளில் 2020இல் கொரோனா பரவியபோது அந்தக் கணக்கு அவர்களைக் காக்கவில்லை. விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3.23 லட்சம் பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோனதை அந்த அரசே டிசம்பரில் சொன்னது. ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்ற கேள்விக்கு உரிய இடம் அங்கே தொற்று பரவிய பிறகுதான் கிடைத்தது. எதற்காக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எண்ணிக்கை என்ன சொல்லும் என்பதும் அமைகிறது.

ஆகவே எண்ணும் பொறுப்பு தொழிலாளர் துறையிடமும் சுகாதாரத் துறையிடமும் இருக்க வேண்டும். பெயர்கள் மறைவாக இருக்கட்டும், தொகைகள் எல்லாரும் பார்க்கும்படி வெளியாகட்டும். இதற்கு வழியில்லாமல் இல்லை. 2013இல் கேரளத்தின் குலாட்டி நிறுவனம் அந்த மாநிலத் தொழிலாளர் துறைக்காக, நெடுந்தூர ரயில்களில் வந்திறங்குபவர்களைக் கணக்கிட்டு, சுமார் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக மதிப்பிட்டது. 2016–17 பொருளாதார ஆய்வறிக்கை முன்பதிவில்லாத ரயில் பயணச்சீட்டுகளின் தரவை வைத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்குப் போகிறார்கள் என்று கண்டது. கும்மிடிப்பூண்டியில் ரயில் நிலையம் இருக்கிறது; இஎஸ்ஐ பதிவுகள், வருங்கால வைப்பு நிதிக் கணக்குகள், ஒப்பந்ததாரர் உரிமங்கள், இ-ஷ்ரம் பதிவுகள், வேற்று மாநில ரேஷன் அட்டைக்கு இங்கே பொருள் வாங்கிய விவரம் எல்லாமே அரசின் கையில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கிறது. ஒரு பல்கலைக்கழகத் துறையோ சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஒன்றோ அவற்றைச் சேர்த்து, ஷெட் ஷெட்டாக மாதிரி ஆய்வும் செய்தால், வட்ட அளவிலேயே நம்பத்தக்க ஒரு படம் கிடைக்கும். எங்கே விபத்து நேர்கிறது, காயம்பட்டவரை யார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள், குழந்தைகள் எந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் அல்லது எந்தப் பள்ளியிலும் இல்லை என்பதும் அதில் வர வேண்டும். இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்து ஒடிசாக் குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டது ஒருமுறை இருமுறை அல்ல. 2014 ஜூலையில் உப்பரபாளையத்தில் கிடங்கு மதில் சரிந்து, அதை ஒட்டிய குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாதுகாப்பு என்ற சொல் இவர்களையும் சேர்த்துத்தான்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தியது. படம் ஒட்டிய பாஸ்புத்தகம், இடப்பெயர்வுப் படி, ஒப்பந்ததாரருக்கு உரிமம் என்று நல்ல ஏற்பாடுகள் அதில் இருந்தன. நாற்பது ஆண்டுகளில் பாஸ்புத்தகத்தைக் கண்ணால் கண்டவர் அரிது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டத் தொகுப்பு, தானாக வந்து வேலையில் சேர்ந்தவரையும் புலம்பெயர்ந்தவராக ஏற்கிறது, இது முன்னேற்றம். ஆனால் வரம்பைப் பத்துப் பேராக உயர்த்திவிட்டது. நெடுஞ்சாலை தாபாவிலும் பஞ்சர் கடையிலும் சிறு பட்டறையிலும் மூன்று நான்கு பேராக இருப்பவர்களை அதுவும் தொடாது. யாரும் அறியாமல் வந்து யாரும் அறியாமல் போகக்கூடியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆலைகளை மட்டும் எண்ணும் ஆய்வும் இதே தவறைத்தான் செய்யும்.

எண்ணிப் பிரித்துக் காட்டினால் ‘வெளியாட்கள்’ என்ற முத்திரைதான் ஆழமாகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நேர்மையான அச்சம்தான். ஆனால் ஊருக்குள் ஏற்கெனவே முத்திரை குத்தியாயிற்று. அதைத் திருத்தக்கூடிய தகவல் மட்டும்தான் இல்லை. ஆய்வு உள்ளூர்க்காரர்களின் குறையையும் கேட்க வேண்டும். நிலம் கொடுத்த கிராமத்து இளைஞர் ஆலை வாசலில் வேலை கேட்டுத் திரும்புகிறார் என்றால், காரணம் கூலியா, ஷிப்ட் நேரமா, அடங்கிப் போகும் ஆளையே காண்ட்ராக்டர் விரும்புவதா என்று கண்டறிய வேண்டும். உள்ளூர்க்காரரையும் வெளியூர்த் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தி லாபம் பார்ப்பவர் யார் என்பதும் அப்போது தெரியவரும். தொழில் முனைவோர் சிலர், இத்தகைய ஆய்வு முதலீட்டை விரட்டும் என்பார்கள். வதந்தி ஒன்று கிளம்பிய வாரத்தில் பாதி ஆள் இல்லாமல் ஆலையை ஓட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பாளர் லேபர் ஷெட்டின் கதவைத் தட்டும்போது இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பகல் ஷிப்டில் இருப்பவர்களின் பெயரைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அசாமியும் ஒடியாவும் போஜ்புரியும் தெரிந்தவர்களை உடன் அனுப்புவது, ஷிப்ட் மாறும் நேரத்தில் போவது, எந்தெந்தத் தெருவில் ஷெட்டுகள் இருக்கின்றன என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரிப்பது ஆகிய மூன்றையும் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய முடியும். அந்தப் பட்டியலை உள்ளாட்சிகளின் துணையோடு, இருப்புப் பாதையை ஒட்டிய குடியிருப்புகளிலிருந்து தொடங்கலாம்.