ஆய்வாளருக்கும் வேண்டும் அகவிலைப்படி

பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது முனைவர் பட்டம் பெற்ற தமிழக இளைஞர்கள் பலரின் கனவு. அதற்கான வாய்ப்புகளும் இல்லாமல் இல்லை. சி.வி. ராமன் பெயரில் அக்கழகமே வழங்கும் உதவித்தொகை, மத்திய அரசின் தேசிய உதவித்தொகை, பேராசிரியர்களின் ஆராய்ச்சித் திட்டங்களில் கிடைக்கும் 'ரிசர்ச் அசோசியேட்' பணி என வழிகள் பல உள்ளன. ஆனால், அப்படிச் சேர்ந்தவரால் அந்தத் தொகையைக் கொண்டு பெங்களூரில் குடும்பம் நடத்த முடிகிறதா என்பதே கேள்வி.

மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறையின் ஆணைகளைப் பார்த்தால் நிலைமை புரியும். ரிசர்ச் அசோசியேட் முதல் நிலைக்கு 2014 அக்டோபரில் மாதம் ரூ. 36,000 நிர்ணயிக்கப்பட்டது. 2019 ஜனவரி முதல் அது ரூ. 47,000 ஆகவும், 2023 ஜனவரி முதல் ரூ. 58,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. உயர்வுகள் சிறியவை அல்ல. ஆனால், ஒவ்வோர் உயர்வுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. 2019-ஆம் ஆண்டு உயர்வுக்காக ஆய்வாளர்கள் ஆய்வகத்தைவிட்டு வீதிக்கு வந்து போராட வேண்டியிருந்தது. 2023 உயர்வுக்கான ஆணையோ அந்த ஆண்டு ஜூனில்தான் பிறப்பிக்கப்பட்டது.

மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை, விலைவாசிக் குறியீட்டின் அடிப்படையில் மறுஆய்வு செய்யப்படுகிறது. அதற்காக யாரும் கோரிக்கை அட்டை ஏந்த வேண்டியதில்லை. உதவித்தொகை என்பது ஊதியம் அல்ல என்ற வாதம் எழலாம். அப்படியானால், அதே ஆய்வாளருக்கு வீட்டு வாடகைப்படி மட்டும் மத்திய அரசு விதிகளின்படி வழங்கப்படுவது எப்படி? வாடகைக்கு ஊழியராகவும், விலைவாசிக்கு மாணவராகவும் ஒருவரைக் கருதுவது முரண்பாடு.

இந்த ஆய்வாளர்களில் பெரும்பாலோர் 30 வயதை ஒட்டியவர்கள். திருமணமும் குழந்தைகளும் பெற்றோரைப் பேணும் பொறுப்பும் சேரும் பருவத்தினர். ஐ.ஐ.டி.க்களில் உதவிப் பேராசிரியர் முதல் நிலைப் பணிக்கு, முனைவர் பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு அனுபவம் கோரப்படுகிறது. இக்காலத்தைத் தாக்குப்பிடிக்க இயலாதவர் வெளிநாட்டுக்கோ வேறு வேலைக்கோ செல்வார். இழப்பு அவருக்கு மட்டுமல்ல.

நமது நாடு 2020-21-இல் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தையே ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. இதை உணர்ந்தே 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. தனியார் துறை ஆராய்ச்சிக்கான ரூ. 1 லட்சம் கோடி திட்டத்துக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வரவேற்கத்தக்க முயற்சிகள்தான். ஆனால், இரவு பகலாக ஆய்வகத்தில் உழைப்பவரை மறந்துவிட்டுக் கோடிகளைக் கொட்டிப் பயனில்லை.

உதவித்தொகையை அகவிலைப்படியுடன் இணைக்க வேண்டும்; அதை மாதந்தோறும் குறித்த நாளில் வழங்க வேண்டும். கூடுதல் செலவைப் பேராசிரியர்களின் திட்ட நிதிக்குள் சமாளிக்குமாறு விட்டுவிடாமல், அதற்கெனத் தனி ஒதுக்கீடும் செய்ய வேண்டும். தமிழக, கர்நாடக எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றி இதை அவையில் வலியுறுத்த வேண்டும். அடுத்த உயர்வுக்கும் ஆய்வாளர்கள் வீதிக்கு வரும்வரை அரசு காத்திருக்கக் கூடாது.