சல்லடைக் கண்ணை நாமே தீர்மானிப்போம்

நேரடி விற்பனை என்று நாம் பேசத் தொடங்கிய காலத்தில் வாரச்சந்தையும், தெரிந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் நேரடி விற்பனை. இன்றைக்கு மாப்பிள்ளைச் சம்பாவும் செக்கு எண்ணெயும் நாட்டுச்சர்க்கரையும் பார்சலில் ஊர் ஊராகப் போகின்றன. ஒரு நாளைக்கு நாலஞ்சு ஆர்டர் என்றால் நோட்டுப் புத்தகம் போதும். நாற்பது, ஐம்பது என்று ஆனதும் ஆர்டர் அனுப்பும் மென்பொருள் தேவைப்படுகிறது. கூட்டாகச் சேர்ந்து விற்கும் குழுக்கள் பலவும் இப்படித்தான் அதற்குள் வந்திருக்கின்றன.

அந்த மென்பொருளில் ஆட்டோமேஷன் ரூல் என்கிற தானியங்கி விதி உண்டு. இன்ன மாதிரி ஆர்டர் வந்தால் இந்தக் கூரியரில் போடு, இந்தப் பெட்டியை எடு, இதை நிறுத்தி வை என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். அந்த 'இன்ன மாதிரி' என்பதைப் பிரித்தெடுக்கிற பகுதிக்கு ஃபில்டர் என்று பேர். நம்ம பாஷையில் சல்லடை.

இந்தச் சல்லடையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை, மென்பொருளை அமைத்துக் கொடுக்க வரும் தம்பியிடம் முழுசாக விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. அவருக்கு மென்பொருள் தெரியும். நம்ம பண்டம் தெரியாது.

பெயரில் இருந்தே தொடங்குவோம். 'பொருளின் பெயரில் சம்பா என்று இருந்தால் அரிசிப் பையில் கட்டு' என்று ஒரு ஃபில்டர் போடுகிறோம் என்று வையுங்கள். சீரகச் சம்பா அதில் சிக்கும். சம்பா கோதுமை ரவையும் சேர்ந்தே சிக்கும். கருப்புக் கவுனியும் பூங்காரும் வெளியே நின்றுவிடும். 'கவுனி' என்று எழுதினால், பட்டியலில் 'கவுணி' என்று பதிவானது தப்பிவிடும். மென்பொருளுக்கு எழுத்துதான் தெரியும், நெல் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு கொடுத்து, அந்தக் குறியீட்டை வைத்தே ஃபில்டர் எழுத வேண்டும். நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அத்தனையையும் 'பாரம்பரிய அரிசி' என்று ஒரே குறியீட்டில் அடைத்தால், பூங்கார் கேட்டவருக்குக் காட்டுயானம் போய்ச் சேரும்.

அடுத்தது எடை. '5 கிலோவுக்குக் கீழே என்றால் கூரியர், 5 கிலோவுக்கு மேலே என்றால் லாரி பார்சல்' என்று இரண்டு விதி எழுதினால் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நாம் அதிகம் விற்பதே 5 கிலோ சிப்பம். சரியாக 5 கிலோ என்பது இரண்டு விதியிலும் விழாமல், யாரும் தொடாமல் கிடக்கும். ஒரு விதியில் 'கீழே அல்லது சமம்' என்று இருக்க வேண்டும். அதோடு, பையும் பெட்டியும் சேர்த்தால் 5 கிலோ அரிசி 5 கிலோவைத் தாண்டிவிடும். கட்டிய பிறகு உள்ள எடையைத்தான் மென்பொருளில் ஏற்ற வேண்டும். கிராமில் ஏற்றுகிறோமா, கிலோவில் ஏற்றுகிறோமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொரி, அவல் விற்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. பல கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதுவும் ஒரு எடை என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்று பக்கமும் 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் 2 கிலோ பொரி இருந்தாலும் 5.4 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். எடை ஃபில்டர் மட்டும் போட்டால் இது கண்ணில் படாது. இந்தப் பொருள்களுக்குத் தனி விதி வேண்டும்.

பின்கோடிலும் கவனம் வேண்டும். 6-ல் தொடங்கினால் தமிழ்நாடு என்று எழுதிவிடுகிறார்கள். 67, 68, 69 என்று தொடங்குபவை கேரளப் பக்கம்.

நிபந்தனைகள் இரண்டு இருந்தால் 'எல்லாம் பொருந்த வேண்டும்' என்பதா, 'ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும்' என்பதா என்று மென்பொருள் கேட்கும். எண்ணெய்ப் பாட்டில் வெளிமாநிலம் போகும்போது கூடுதல் கட்டு வேண்டும் என்று நினைக்கிறோம். 'ஏதேனும் ஒன்று' என்று விட்டால், மதுரைக்குப் போகும் எண்ணெய்க்கும் பெங்களூருக்குப் போகும் அரிசிக்கும் சேர்த்து அட்டையும் டேப்பும் செலவாகும். ஒரே ஆர்டரில் அரிசியும் எண்ணெயும் இருந்தால் விதி என்ன செய்கிறது என்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் கணக்கு. இதற்கு மேல் உழவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாட்டுச்சர்க்கரை ஈரம் குடித்துக் கசியும். நாம் மருந்துப் புகை போடாத அரிசி, கூரியர் குடோனில் நாள்கணக்கில் கிடந்தால் வண்டு விழும். சனிக்கிழமை அனுப்பும் பழம் ஞாயிறு முழுக்க மூட்டைக்குள் வேகும். இவற்றை மென்பொருள் தானாகக் கற்றுக்கொள்ளாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சர்க்கரைக்கு இரட்டை உறை, வெள்ளி மதியத்துக்கு மேல் வரும் பழ ஆர்டர் திங்கள் வரை நிறுத்தம் என்று நாம்தான் எழுத வேண்டும். நாள் வைத்து ஃபில்டர் போட வசதி இல்லாத மென்பொருளில், மழை தொடங்கும்போது விதியைக் கையால் போட்டு, முடிந்ததும் அணைக்கலாம்.

கடைசியாக, நான் வாதாட விரும்புவது இதைப் பற்றித்தான். பொருள் கையில் வந்த பிறகு பணம் தரும் ஆர்டர்களில் சில திரும்பி வரும். போகவர இரண்டு கூலியும் நம் தலையில். அதனால் சில குழுக்கள், திருப்பி அனுப்பிய ஊர்களின் பின்கோடைப் பட்டியல் போட்டு, அங்கிருந்து வரும் ஆர்டரைத் தானாக ரத்து செய்யும் விதி எழுதுகின்றன. இது தவறு என்கிறேன். ஒரு பின்கோடில் பல கிராமங்கள் இருக்கும். இரண்டு பேர் பொருளை வாங்க மறுத்ததற்காக அத்தனை ஊரையும் தள்ளிவைப்பது, நல்ல உணவு எல்லோருக்கும் என்று பேசும் இயக்கத்துக்கு அழகல்ல. ரத்துக்குப் பதிலாக 'நிறுத்தி வை' என்று எழுதுங்கள். 'கையில் பணம், மற்றும் 2000 ரூபாய்க்கு மேல்' என்றால் ஆர்டர் நிற்கட்டும், ஒருத்தர் போன் போட்டு, "அம்மா, ஆர்டர் போட்டிருக்கீங்க, வியாழக்கிழமை வீட்ல இருப்பீங்களா?" என்று கேட்கட்டும். அந்தப் பேச்சில் ஆர்டர் உறுதியாகும், கூடவே ஒரு வாடிக்கையாளரும் பழக்கமாவார்.

தெளிவான வேலையை இயந்திரம் செய்யட்டும். சந்தேகமானது மனிதர் கைக்கு வரட்டும். விதிகளை இந்தப் பிரிவினைப்படி எழுதினால் போதும். எந்த விதி முதலில் ஓடுகிறது, முதல் விதியில் சிக்கியது அடுத்ததிலும் சிக்குமா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஆகவே புது விதி எழுதியதும், போன மாதத்து ஆர்டரில் இருபதை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே போய் விழும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். குழுவில் பொதி கட்டும் பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டில் உடையும், எந்தப் பை கிழியும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.