கெட்டுப் போனதையும் பாடமாக்குங்கள்!



உலகின் முதல் ஹார்ட் டிஸ்கை உருவாக்கிய நிறுவனம் எது? ஐ.பி.எம். ஆண்டு? 1956. எத்தனை தட்டுகள்? 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். எவ்வளவு கொள்ளும்? 50 லட்சம் எழுத்துகள். இந்தக் கேள்வி பரீட்சையில் வந்தால் நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். டிராக், செக்டார், சிலிண்டர் என்று படம் வரைந்து, பென்சிலால் ஷேடு கொடுத்து முழு மார்க்கும் வாங்கிவிடுவேன்.

அப்படிப்பட்ட நான், ஒரு சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனிக்குள், திறந்து கிடந்த சி.பி.யூ. முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து ஒரு கோரிக்கையையும் உங்கள் முன் வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பா அந்தக் கம்பெனியில் ஃபிட்டர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் கால்குலேட்டர் வேலை செய்யவில்லை என்றாலும் எங்கள் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "என் பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான்" என்று அப்பா சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். அந்தக் குரலுக்கு நான் இன்னும் தகுதியாகவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கம்பெனியில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில்தான் டை டிராயிங், டெலிவரி சலான், ஜி.எஸ்.டி. பில், பன்னிரண்டு பேருடைய சம்பளக் கணக்கு எல்லாம். அன்று காலை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்று வந்து நின்றுவிட்டது. சர்வீஸ் செய்பவர் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். "டிஸ்க் டெட். புதுசு போட்டு விண்டோஸ் ஏத்திடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். "புதுசு போடலாம்ப்பா, பழைய டிராயிங்குக்கு எங்க போறது?" என்று முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மாதக் கடைசி வேறு. சம்பளம் தள்ளிப் போனால் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு யோசிக்கும். அப்போதுதான் அப்பா சொல்லியிருக்கிறார்: "சார், என் பையனை ஒரு தடவை பார்க்கச் சொல்லட்டுமா?"

நான் போனேன். மூடியைக் கழற்றினேன். அப்புறம் என்ன செய்வது? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை! ஹார்ட் டிஸ்க் எப்படி வேலை செய்யும் என்று தெரியும். அது வேலை செய்யாதபோது எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அப்பாதான் தொடங்கினார். "டேய், மோட்டார் ஓடலைன்னா நாங்க எடுத்தவுடனே மோட்டாரையா பிரிப்போம்? முதல்ல கரண்ட் வருதா பார்ப்போம். அப்புறம் ஒயர். அப்புறம்தான் மோட்டார். இதுக்குக் கரண்ட் வருதா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. மெஷினை ஆன் செய்தேன். அப்பா பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கீழே இருக்கும் போர்டில் படாமல் டிஸ்கின் மேல் மூடியில் நுனியை வைத்தார்; பிடியைக் காதில் வைத்தார். பேரிங் சத்தம் கேட்க அவர்கள் செய்வது அது. "உர்ருன்னு சீரா ஓடுதுடா. கடகடப்பு இல்லை. உள்ளே உயிர் இருக்கு."

அதாவது என்ன? பவர் வருகிறது, தட்டு சுற்றுகிறது. அப்படியானால் சந்தேகம் அடுத்த படிக்குப் போகிறது. டேட்டா கேபிள்! மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபிளைக் கழற்றி மாட்டினேன். பயாஸில் டிஸ்க் பெயர் வரவில்லை. மதர்போர்டில் வேறு போர்ட்டில் மாட்டினேன். வரவில்லை. பக்கத்திலேயே டி.வி.டி. டிரைவின் கேபிள் சும்மா கிடந்தது. அதைக் கழற்றி ஹார்ட் டிஸ்கில் மாட்டினேன். பயாஸில் டிஸ்க்கின் பெயர் வந்து நின்றது! பைசா செலவில்லை. கெட்டது டிஸ்க் அல்ல, ஒரு சாட்டா கேபிள்.

கதை இங்கே முடிந்திருந்தால் "கேபிளை மாற்றிப் பாருங்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். விண்டோஸ் வந்ததும் எல்லாவற்றையும் முதலாளியின் லேப்டாப்பில் ஒரு நகல் எடுத்தோம். முடிய இரவு ஒன்பதாகிவிட்டது. கிளம்பும்போது அப்பா கேட்டார்: "சரிடா, அது ஏன் கெட்டுச்சு?"

"பழைய கேபிள்ப்பா. க்ளிப் இல்லாத மாடல். லூஸாகி, ஆடி ஆடி கான்டாக்ட் போயிருக்கும்."

"ஏன் ஆடுச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கம்ப்யூட்டர் மேஜை மேல் உள்ளங்கையை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். அந்தப் பக்கம் நைட் ஷிஃப்டுக்காக பவர் பிரஸ் ஓடத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் மேஜை அதிர்ந்தது. 2015 டிசம்பரைப் போலவே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் சி.பி.யூ. தரையில் இருக்கக்கூடாது என்று, பிரஸ் பக்கத்துத் தூணில் ஆங்கிள் அடித்து உயரமாக மேஜை போட்டிருக்கிறார்கள். தண்ணீரிலிருந்து காப்பாற்றப் போட்ட மேஜையே அதிர்ச்சியைக் கொடுத்திருக்கிறது. ஹார்ட் டிஸ்கில் படிக்கும் தலை, தட்டுக்கு மேலே சில நானோ மீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோ மீட்டர். அப்படிப்பட்ட பொருளை பவர் பிரஸ் பக்கத்தில் வைத்திருந்தோம்! கேபிளை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த தடவை நிஜமாகவே டிஸ்க் போயிருக்கும். மறுநாள் மேஜை எதிர்ச் சுவருக்குப் போனது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் க்ளிப் வைத்த புதுக் கேபிள் வாங்கினேன். நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

நோய் என்ன என்று பார், அது எதனால் வந்தது என்று பார், பிறகு மருந்து கொடு என்று வள்ளுவர் சொன்னதை நாம் மனப்பாடப் பகுதியில் ஒப்பித்திருக்கிறோம். அப்பா அதைப் படித்ததில்லை. ஆனால் தினமும் செய்கிறார்.

நண்பர்களே, அவசரத் தீர்ப்பு எவ்வளவு ஆபத்து என்பதற்கு உலக உதாரணமே இருக்கிறது. 2009 ஜனவரியில் சீகேட் நிறுவனத்தின் பாரக்குடா 7200.11 வகை டிஸ்குகள் சில, ஒருநாள் ஆன் செய்ததும் பயாஸில் காணாமல் போயின. நேற்று வரை ஓடியவை! தட்டிலோ தலையிலோ கோளாறு இல்லை. டிஸ்கின் உள்ளே இருந்த ஃபர்ம்வேரில்தான் பிழை. உள்ளே இருந்த தகவல் அப்படியே இருந்தது. நிறுவனம் புது ஃபர்ம்வேர் வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசமாகத் தகவலை மீட்டுத் தரவும் முன்வந்தது. 'டெட்' என்று குப்பையில் போட்டவர் எதை இழந்திருப்பார், எண்ணிப் பாருங்கள்!

அடுத்தவரைக் குறை சொல்லும் முன் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் ஒரு வகுப்புத் தோழனின் எக்ஸ்டர்னல் டிஸ்கை மாட்டினேன். 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் கேட்டது. பெரிய ஆள் மாதிரி 'எஸ்' கொடுத்தேன். டிஸ்க் ஜம்மென்று வந்தது, காலியாக! அதில் அவன் அக்கா கல்யாணப் படங்கள் இருந்தன. வேறு நகல் இல்லை. அத்தோடு விட்டேனா? நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் மேலேயே இரண்டு சினிமாவை காப்பி செய்தேன். விரைவு ஃபார்மட் பட்டியலைத்தான் துடைக்கும், பழைய தகவல் பெரும்பாலும் அடியில் இருக்கும், மேலே எழுதாதவரை மீட்க வழி உண்டு என்று பிறகுதான் படித்தேன். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஆகவே, பட்டு அறிந்த வரிசையைச் சொல்கிறேன். டிஸ்க் காட்டவில்லையா?

1. ஃபார்மட், இனிஷியலைஸ் எதற்கும் 'எஸ்' சொல்லாதே. தகவல் வேண்டுமென்றால் அந்த டிஸ்கில் எதையும் எழுதாதே.

2. காது கொடு. சீரான ஓட்டமா, 'டிக் டிக்' சத்தமா, மௌனமா? 'டிக் டிக்' என்றால் உடனே பவரை நிறுத்து. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் சேதம் கூடலாம். மௌனம் என்றால் பவர் கனெக்டரையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பார்.

3. பயாஸில் பெயர் வருகிறதா? வராவிட்டால் அந்த சாட்டா போர்ட் செட்டிங்கில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா பார். பிறகு கேபிளை மாற்று, போர்ட்டை மாற்று, வேறு மெஷினில் மாட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இல்லாவிட்டால் எது காரணம் என்று தெரியாது.

4. பயாஸில் வந்து விண்டோஸில் வராவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திற. டிரைவ் லெட்டர் இல்லாமல்கூட இருக்கலாம்.

5. உயிர் வந்ததும் முதல் வேலை நகல் எடுப்பது. மற்ற ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்.

6. மூடியைத் திறக்காதே. ஒரு தூசி போதும் தட்டைக் கீற. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்பவர்களையும் நம்பாதே. உள்ளே ஈரம் கட்டும்.

"இப்போதெல்லாம் எஸ்.எஸ்.டி.தானே, சுற்றும் தட்டே இல்லையே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எஸ்.எஸ்.டி.யில் கேட்கச் சத்தமும் இல்லை. பல சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் போய்விடும். ஃபார்மட் செய்துவிட்டால் மீட்பது இன்னும் கஷ்டம். கரண்ட், இணைப்பு, பிறகு பொருள் என்ற வரிசை அதற்கும் அதேதான். எந்த டிஸ்கும் சிரஞ்சீவி அல்ல. லட்சக்கணக்கான டிஸ்குகளை இரவு பகலாக ஓட்டும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம், 2023-ல் தன் டிஸ்குகளின் பழுது விகிதம் 1.40 சதவீதம் என்று கணக்கு வெளியிட்டது. குறைவுதான். ஆனால் அந்த ஒன்று உங்கள் ப்ராஜெக்ட் இருக்கும் டிஸ்காக இருந்தால்? பில் புத்தகத்தில் கார்பன் பேப்பர் வைத்து எழுதும் புத்தி நம் பெரியவர்களுக்கு இருந்தது. நமக்குத்தான் பென் டிரைவ் ஒன்றே கதி!

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன்.

நம் லேப்பில் என்ன செய்கிறோம்? ஓடுகிற மெஷினில் உட்கார்கிறோம். ரெக்கார்டில் இருப்பதைச் செய்கிறோம். வந்தே தீர வேண்டிய அவுட்புட் வருகிறது. சார் கையெழுத்துப் போடுகிறார். ஒரு மெஷின் ஓடாவிட்டால்? 'நாட் ஒர்க்கிங்' என்று சீட்டு ஒட்டி மூலையில் வைத்துவிடுகிறோம். பக்கத்து மெஷினுக்கு நகர்ந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், அந்த மூலையில்தான் நமக்குப் பாடமே இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டே தினமும் சுரைக்காய் படம் வரைந்துகொண்டிருக்கிறோம்.

ஒவ்வொரு லேப்பிலும் ஒரு 'பழுது மேஜை' வேண்டும். ஆசிரியர் ஒரு மெஷினில் ஒரு கோளாறை வைக்கட்டும். ஒரு கேபிள், ஒரு ராம், ஒரு பயாஸ் செட்டிங். மூன்று மணி நேரம் கொடுக்கட்டும். கண்டுபிடித்தாயா என்பதற்குப் பாதி மார்க். எந்த வரிசையில் சந்தேகப்பட்டாய், ஏன் என்று எழுதியதற்கு மீதிப் பாதி. கடைசிக் கேள்வி என் அப்பாவுடையது: "அது ஏன் கெட்டுச்சு?"

"பையன்கள் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள்" என்று சொல்வார்கள். ஏற்கெனவே கெட்டதை இன்னும் எவ்வளவு கெடுப்பது? "மெஷினுக்கு எங்கே போவது?" என்பார்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் சின்னக் கம்பெனிகளின் பரண்களில் பழைய கம்ப்யூட்டர்கள் தூங்குகின்றன. மாணவர் சங்கமே போய்க் கேட்டு வாங்கி வரலாம். ஒரே நிபந்தனை: உரிமையாளர் கண்ணெதிரே அவர் தகவலை அழித்துவிட்டு எடுத்து வர வேண்டும். அடுத்தவர் கணக்கு நம் பாடப்புத்தகம் அல்ல.

நம்மில் பலர் நம் வீட்டின் முதல் டிப்ளமோக்காரர்கள். வீட்டில் இருப்பவர்கள் நம்மை நம்பி நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த நாலு பேரும் நம்மிடம் கொண்டு வரப்போவது ஓடுகிற பொருளை அல்ல, நின்றுபோன பொருளைத்தான்! அப்போது நாம் விழிக்கக்கூடாது. 'டெட்' என்று ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டும் போகக்கூடாது.

அன்று இரவு பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது அப்பா யாரிடமோ போனில் பேசினார். "பையன்தான் சரி பண்ணான்" என்றார். பாதிதான் உண்மை. மீதியை உண்மையாக்கத்தான் இந்தப் பழுது மேஜையைக் கேட்கிறேன்.

சங்க நிர்வாகிகளும் ஆசிரியப் பெருமக்களும் ஆவன செய்வார்களாக!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் பிரிவு