உள்ளூர்ப் போட்டியில் வெளியூர் வீரருக்கு என்ன வேலை?

பொங்கல் வந்துவிட்டால் பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் வட்டாரத்துக் கிராமங்களில் கபடிக்குக் குறைவிருக்காது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம் எல்லாம் நோட்டீஸில் அச்சாகியிருக்கும். கூடவே ஒரு வரி இருக்கும்: ஓப்பன் போட்டியா, இத்தனை கிலோவுக்கு உட்பட்டதா, சுற்றுவட்டார அணிகளுக்கு மட்டுமா என்பது. நான் பேச வருவது அந்தக் கடைசி வகைப் போட்டியைப் பற்றி. சுற்றுவட்டாரம் என்று எல்லை போட்ட பிறகும், மாநில அளவில் ஆடித் தேறிய இரண்டு பேரைப் பணம் கொடுத்து அழைத்துவந்து களத்தில் இறக்கும் அணிகள் உண்டு. கெஸ்ட் பிளேயர் என்பார்கள். பனியனில் ஊர்ப் பெயர் இருக்கும். அந்த ஆளுக்கும் ஊருக்கும் அன்று காலைவரை எந்தச் சம்பந்தமும் இருந்திருக்காது. இது சரியா என்று கேட்டால், “பெரிய பிளேயரோட ஆடினாத்தான் நம்ம பசங்களுக்கு ஆட்டம் வரும்” என்று பதில் வருகிறது. அணி நடத்துகிறவர்கள் மட்டுமல்ல, விழாக் குழுவினர், பரிசுத் தொகை தரும் பிரமுகர்கள், தோற்றுப்போன அணியின் பெற்றோர்கூட இதை மனதார நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. பசங்களுக்கு வரவேண்டிய ஆட்டத்தை வரவிடாமல் செய்வதே இதுதான்.

களத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு ரெய்டில் புள்ளி எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் போனவர் அவுட். தேறிய ரெய்டர் ஒருவர் அணியில் இருந்தால் கணக்கு தானாகவே அமைந்துவிடும். ஊர்ப் பையன் போவான், பாக் லைனைத் தாண்டி ஒரு காலை வைப்பான், அப்படியே திரும்பிவிடுவான். அடுத்த முறையும் அதேதான். மூன்றாவது ரெய்டுக்குக் கெஸ்ட் போவார். அவர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால், யாராவது ஒரு புள்ளி எடுத்து அவரை உள்ளே கொண்டுவருவதுதான் மற்றவர்களின் வேலை. ஒரு பையன் ரெய்டராவது எதிராளியின் கணுக்காலைத் தேடிப் போய், மாட்டி, இழுபட்டு, நடுக்கோட்டைத் தொட முடியாமல் பத்து முறை அவுட்டாகும்போதுதான். அந்தப் பத்து முறையும் அவனுக்குக் கிடைப்பதில்லை. பிடிக்கும் பக்கத்திலும் இதே கதைதான். கார்னரில் வெளியாள் நின்றுவிட்டால், அவர் பாய்ந்து காலைப் பிடித்தபின் மேலே விழுந்து அமுக்குவது மட்டும் ஊர்ப் பையனுக்கு மிஞ்சும். எந்த நொடியில் பாயவேண்டும் என்று தீர்மானிக்கும் வாய்ப்பு, அதாவது இந்த விளையாட்டின் உயிரான பகுதி, அவன் கைக்கு வருவதே இல்லை. இது ஜெயித்த அணியின் நிலை. தோற்ற அணிக்கோ முதல் பத்து நிமிடத்திலேயே ஆட்டம் முடிந்திருக்கும். நுழைவுக் கட்டணம் கட்டி, வேன் பிடித்து, விருத்தாசலம் பீங்கான் பட்டறை வேலைக்கோ கரும்பு வெட்டுக்கோ அன்று லீவு போட்டு வந்த பிள்ளைகள், என்ன தப்பு செய்தோம் என்று தெரிந்துகொள்ளக்கூட நேரமில்லாமல் வீடு திரும்புவார்கள்.

கபடி ஏழு பேர் ஆடும் ஆட்டம், அதில் ஒருவரால் எப்படி எல்லாம் மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. சமமானவர்கள் மோதும் இடத்தில் அது நியாயமான கேள்விதான். புரோ கபடியிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 2023 ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் அணி பவன் செராவத்தை 2.605 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்கலாம் என்று வைத்திருந்த 5 கோடியில் பாதிக்கு மேல் அந்த ஒருவருக்கே போய்விட்டது. அந்த சீசனில் டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்று கடைசி இடத்தில் முடித்தது. எதிரில் நின்ற ஏழு பேரும் அதே தரத்தில் இருந்ததால், நாட்டின் மிகச் சிறந்த ரெய்டராலும் அணியைத் தூக்கிவிட முடியவில்லை. உள்ளூர்ப் போட்டியில் எதிரே அப்படி ஏழு பேர் இல்லை. அதனால்தான் அங்கே ஒரே ஆள் கோப்பையைத் தீர்மானித்துவிடுகிறார். அதனால்தான் அவருக்குப் பணம் கொடுத்துக் கூட்டிவருகிறார்கள். ஒருவரால் ஒன்றும் ஆகாது என்றால் அந்தச் செலவை எந்த ஊர்க்காரரும் செய்யமாட்டார். பணம் கொடுப்பவர்களுக்கே இது நன்றாகத் தெரியும்.

அதே பவன் செராவத்தைப் பற்றி இன்னொரு சான்றும் உண்டு, நமக்கு நெருக்கமானது. டைட்டன்ஸுக்குப் போவதற்கு முந்தைய ஆண்டு, 2022-இல், அவரைத் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடிக்கு எடுத்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் அந்த சீசன் முழுக்க ஆட முடியாமல் போனார். தலைவாஸ் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2017-இல் லீகுக்குள் வந்ததிலிருந்து ஒருமுறைகூட பிளே ஆஃப் பார்க்காத அந்த அணி, அந்த ஆண்டுதான் அரையிறுதிவரை போனது. பவன் போயிருக்கவேண்டிய ரெய்டுகளில் பெரும்பகுதியைப் போனவர் நரேந்தர் என்ற புதுமுகம். முதல் சீசனிலேயே 200-க்கு மேல் ரெய்டு புள்ளிகள் எடுத்தார். நரேந்தர் லீகுக்கு வரும்போதே தேறியவர், கிராமத்துப் பையனை அவரோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். தரத்தை ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஒரு ஆட்டத்தில் இத்தனை ரெய்டுதான் என்ற அளவு இரண்டு இடத்துக்கும் பொது. பெரியவர் போகும் ஒவ்வொரு ரெய்டும் இன்னொருவர் போகாமல் விட்ட ரெய்டு. திறமை இருந்தும் நரேந்தருக்கு அந்த ரெய்டுகள் தேவைப்பட்டன என்றால், இனிமேல்தான் திறமையைத் தேடிக்கொள்ள வேண்டிய பையனுக்கு அவை எவ்வளவு தேவை!

எல்லை போடுவது விளையாட்டுக்கு ஆகாது, வலியவன் ஜெயிக்கட்டும் என்பது அடுத்த வாதம். இதைச் சொல்பவர்களே காலையில் எடை மெஷினோடு வந்து நிற்பார்கள். 55 கிலோ போட்டியில் 56 கிலோ காட்டினால் பையனை ஓடவிட்டு, வேர்க்கவைத்து, மறுபடி நிறுத்துப் பார்ப்பார்கள். யாரும் அதை அநியாயம் என்பதில்லை. தேசிய அளவில் சப் ஜூனியர் பிரிவுக்கு 16 வயது, 55 கிலோ என்ற வரம்பு இருக்கிறது. சீனியர் ஆண்களுக்குக்கூட 85 கிலோ வரம்பு உண்டு. முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, அரசு ஊழியர், மாற்றுத்திறனாளி என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் ஆடவிடுகிறார்கள். 1600 ரேட்டிங்குக்குக் கீழ் என்று அறிவித்த சதுரங்கப் போட்டியில் 2000 ரேட்டிங் வைத்திருப்பவர் வந்து உட்கார முடியாது. ஆகவே எல்லை என்ற கொள்கையை நாம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். கிலோவை அளக்கிறோம், அனுபவத்தை அளக்க மறுக்கிறோம் என்பதுதான் சிக்கல். 60 கிலோ எடையுள்ள, பத்து வருடம் மேட் விரிப்பில் ஆடிய உடம்பும், 60 கிலோ எடையுள்ள, போன மாதம் மண் தரையில் ஆடத் தொடங்கிய உடம்பும் தராசுக்கு ஒன்றாகத் தெரியும். களத்தில் அவை ஒன்றல்ல.

எல்லை போட்டும் அனுபவத்தை அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் சியர்லீடிங் என்பது மைதானத்து ஓரத்தில் ஆடும் ஆட்டம் மட்டுமல்ல. ஆளைத் தூக்கி நிறுத்தி, கரணம் அடித்து, நடுவரிடம் மதிப்பெண் வாங்கும் போட்டி விளையாட்டு. அதில் 1 முதல் 7 வரை நிலைகள் உண்டு. எந்த நிலையில் எந்த வித்தையைச் செய்யலாம் என்று விதி இருக்கிறது. முதல் நிலையில் அந்தரத்தில் கரணம் அடிக்கவே கூடாது. அப்படியிருந்தும் அங்கே ஓயாத புகார் ஒன்று, மேல்நிலையில் ஆடும் பிள்ளைகளைக் கீழ்நிலை அணியிலும் சேர்க்கிறார்கள் என்பது. பெரிய வித்தைக்குத்தான் தடை இருக்கிறதே, அப்புறம் என்ன என்று அங்கும் கேட்கிறார்கள். ஐந்தாம் நிலையில் ஆடுகிற பிள்ளைக்கு முதல் நிலையின் எளிய கரணம் பிசிறில்லாமல் வரும். அதைக் கற்றுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு வராது. மதிப்பெண் அந்தப் பிசிறில்தான் குறைகிறது. எடை வரம்பு நம் ஊரில் காப்பாற்றத் தவறுவதும் இதே இடத்தில்தான்.

கிரிக்கெட்டில் வயதை மறைத்து ஆடுவது பற்றி ராகுல் திராவிட் 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் பேசியதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அதை ஆட்டத்தை விற்பதோடும் ஊழலோடும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் அவர். வயது கூடியவன் ஜூனியர் மட்டத்தில் ஜெயிப்பது திறமையால் இல்லாமல் உடம்பின் பலத்தால் இருக்கலாம்; அவனால் இடம் இழந்த நேர்மையான பையன் வெறுத்துப்போவான் என்பது அவருடைய கவலை. பிறகு கிரிக்கெட் வாரியம், ஒருவர் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஒருமுறைக்கு மேல் ஆடக்கூடாது என்று முடிவெடுத்தது. வயது தகுதியாகவே இருந்தாலும், ஒருமுறை ஆடியவர் மேலே போகட்டும், இடம் அடுத்தவருக்கு என்ற அந்த முடிவின் நியாயம் கபடிக்கும் பொருந்தும். வெளியாள் வயதை மறைக்கவில்லையே, வெளிப்படையாகத்தானே வருகிறார் என்பார்கள். ஊர்ப் பெயர் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு வருவது வெளிப்படை ஆகாது.

மனதைத் தொடும் எதிர்வாதம் ஒன்று உண்டு, அதற்கு மரியாதையோடு பதில் சொல்லவேண்டும். கபடி ஆடுகிறவர்களில் புரோ கபடி ஏலம்வரை போவது சிலர்தான். மற்றவர்களுக்கு ஊர் ஊராகப் போய் ஆடிக் கிடைக்கும் பணம்தான் ஷூவுக்கும் சத்துணவுக்கும் முழங்கால் வைத்தியத்துக்கும் ஆகிறது. வடுவூர் அபினேஷும் கண்ணகி நகர் கார்த்திகாவும் 2025-இல் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்றபோது நாடே கொண்டாடியது. அந்த அளவுக்குப் போகாத ஆயிரம் பேரைக் கொண்டாட ஆளில்லை. ஆகவே அழைத்தால் வருகிற வீரர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குற்றம் அழைக்கிறவர்களுடையது. அந்த வீரருக்குப் பிழைப்பு வேண்டுமென்றால் ஓப்பன் போட்டியின் பரிசை உயர்த்தலாம். இரண்டு பெரிய அணிகளை வரவழைத்து இறுதி நாளில் காட்சி ஆட்டம் நடத்தலாம். கூட்டம் வராது என்று பயப்படுகிறவர்களுக்கும் அது மருந்து. எல்லாவற்றையும்விட, அவருக்குக் கொடுக்கும் அதே பணத்தைக் கொடுத்துப் போட்டிக்கு முன்னால் பதினைந்து நாள் ஊரில் தங்கவைத்துப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லலாம். பெரியவரிடம் கற்கலாம் என்பது உண்மையான ஆசையாக இருந்தால் அதை நிறைவேற்ற இதுவே வழி. பயிற்சியில் அவர் நிறுத்திக் காட்டுவார், மறுபடி செய்யச் சொல்வார். போட்டியில் அவருக்கு அதற்கு நேரம் ஏது?

பெரிய வீரர் சொந்த ஊர்க்காரராகவே இருந்தால் என்ன செய்வது? இதற்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. பிறந்த ஊர்ப் பனியனைப் போடும் ஆசை யாருக்கும் இருக்கும், அது தப்பில்லை. ஆனாலும் மாநில அணிக்கோ லீக் அணிக்கோ ஆடியவர் சுற்றுவட்டாரப் போட்டியில் ஆடவேண்டாம், ஓப்பனில் ஊருக்காக ஆடட்டும் என்பதே என் கருத்து. உள்ளூரிலேயே ஆடி ஆடி மற்றவர்களை மிஞ்சி வளரும் பையனைப் பற்றி நான் பேசவில்லை. அவன் ஜெயிப்பதுதான் அந்தப் போட்டியின் பயன். ஜெயித்து மேலே போவான். மேலே போனவர் கீழே இறங்கி வருவது வேறு.

கபடி உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2022 ஜூலையில் நம் மாவட்டத்திலேயே, பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில், ஆட்டத்தின் நடுவே ஓர் இளைஞர் உயிரிழந்தார். அந்தச் சாவுக்கும் கெஸ்ட் பிளேயர் பிரச்சினைக்கும் தொடர்பு இல்லை. அப்படி இழுத்து முடிச்சுப் போடுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் தேறியவர்களுக்கே ஆபத்துள்ள ஆட்டத்தில், விழக் கற்றுக்கொள்ளாத பதினாறு வயதுப் பையனை, இடுப்பைப் பிடித்துத் தூக்கி எறியப் பழகியவருக்கு முன்னால் நிறுத்துவதற்கு முன் விழாக் குழு ஒரு நிமிடமாவது யோசிக்கவேண்டும்.

இதையெல்லாம் யார் சரிபார்ப்பது என்று கையை விரிப்பதை நான் ஏற்கமாட்டேன். எடை பார்க்கும் மேசையிலேயே இதையும் பார்த்துவிடலாம். லீக் அணிகளின் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்தது. மாநில அணியில் ஆடியவரை மாவட்டத்துக் கபடிக்காரர்கள் முகம் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆதார் அட்டையில் ஊர் இருக்கிறது. ஓர் ஆண்டாவது அந்த ஊரில் வசிப்பவர், அல்லது அங்கேயே படிப்பவர், வேலை பார்ப்பவர். மாநில, பல்கலைக்கழக, லீக் அணிகளில் ஆடாதவர். இந்த இரண்டு வரியை நோட்டீஸில் பரிசுத் தொகைக்குப் பக்கத்திலேயே அச்சடிக்கவேண்டும். மீறிய அணியின் ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி, எதிரணி வென்றதாக அறிவிக்கவேண்டும். விழாக் குழு தயங்கினால் அணிகள் கேட்கட்டும். சீட்டுக் குலுக்கி யார் யாரோடு என்று எழுதும் நேரத்தில் எல்லா அணித் தலைவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கட்டியவர்கள் அவர்கள்தான். பட்டியலை உரக்கப் படியுங்கள், ஆட்களைப் பார்த்தபிறகு குலுக்குங்கள் என்று நான்கு அணிகள் சேர்ந்து சொன்னால், முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அன்றைக்கு இது முடிந்துவிடும்.