நியூட்ரல் போட்டா மைலேஜ் வருமா?

மலை இறங்கும்போது நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்னு எங்க அப்பா இன்னும் நம்புறார். கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. இப்போ வர்ற பெட்ரோல் கார் எல்லாம் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். கியர்லயே விட்டு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, இ.சி.யு. இன்ஜெக்டரை மூடிடும், சக்கரமே இன்ஜினைச் சுத்தும், பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரல்ல இன்ஜின் அணையாம இருக்கவே பெட்ரோல் வேணும்.

செலவைக் கூட விடுங்க. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. இன்ஜின் பிரேக்கிங் இல்லாம பிரேக்கை மட்டும் மிதிச்சுட்டே இறங்கினா, அது சூடேறிப் பிடிக்காமப் போகலாம். ஏறின கியர்லயே இறங்குங்க. மைலேஜ் வேணும்னா டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாருங்க. வீட்லயும் சொல்லுங்க. (நான் சொல்லிட்டேன், அப்பா கேக்கல.)