ஓட்டோகிராப்பில் எழுதிய பொய்

சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய கடைசிக் கிழமையில் எங்கள் வகுப்பில் ஓட்டோகிராப் கொப்பிகள் கைமாறின. பெயர், பிறந்த நாள், பிடித்த நிறம், பிடித்த உணவு, இலட்சியம் என்று எல்லாக் கொப்பியிலும் ஒரே கேள்விகள்தான். மளமளவென்று நிரப்பிக்கொண்டு போனேன். 'பிடித்த திரைப்படம்', 'பிடித்த பாடல்' என்ற இரண்டு இடங்களில் மட்டும் பேனை நின்றது. பக்கத்தில் இருந்தவளின் பக்கத்தை எட்டிப் பார்த்தேன். அந்த வருடம் எல்லோர் வாயிலும் இருந்த ஒரு தமிழ்ப் படத்தின் பெயரை எழுதியிருந்தாள். நானும் அதையே எழுதினேன். வந்த கொப்பிகள் எல்லாவற்றிலும் அதையே எழுதினேன். அந்தப் படத்தை நான் பாதிக்குமேல் பார்த்ததே இல்லை.

உயர்தர வகுப்பில் ஒரு நாள் இதை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்கும் அந்தப் படம் புடிக்கல்லடி. முன் வாங்கில இருந்தவள்ற கொப்பியப் பாத்துத்தான் நானும் எழுதின" என்றாள்.

சின்னப் பொய்தான். ஆனால் பதினொரு வருடம் ஒரே வகுப்பில் இருந்த இரண்டு பேருக்கு, மற்றவளின் மனதுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. கேட்டபோதும் சொல்லவில்லை. அதனால், அந்த இரண்டு கோடுகளிலும் நான் எழுதியிருக்க வேண்டியதை இந்தச் சஞ்சிகையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் திரையரங்குக்குப் போகும் வழக்கம் இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்த சாச்சியின் மகள் ஒரு விடுமுறையில் பென்டிரைவ் ஒன்றைத் தந்துவிட்டுப் போனா. அதில் இருந்தவை பெரும்பாலும் ஈரானியப் படங்கள். முதலில் பார்த்தது மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்'. 1997இல் வந்த படம். ஒஸ்கார் விருதின் பிறமொழிப் பிரிவுக்கு முதன்முதலாகப் பரிந்துரைக்கப்பட்ட ஈரானியப் படமும் அதுதான். தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அண்ணன், வீட்டின் வறுமை தெரிந்து வாப்பாவிடம் சொல்லாமல், தன் சப்பாத்தையே இருவரும் மாறி மாறிப் போட ஏற்பாடு செய்கிறான். காலையில் அவள் போட்டுக்கொண்டு போய் ஓடி வர, மதியம் அவன் போட்டுக்கொண்டு ஓடுகிறான். ஓட்டப் போட்டியொன்றில் மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து. மூன்றாவதாக வரத்தான் ஓடுகிறான். முதலாவதாக வந்து அழுகிறான். குசினியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உம்மா, "முதலாவதா வந்துட்டு அழுற புள்ளைய இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தா. ஒரு சொல்லும் விளங்காத பாரசீகப் படம், ஆங்கில உபதலைப்பு. உம்மாவுக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு உம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டுதான் பார்த்தேன். அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' 1987இல் வந்தது. தவறுதலாகத் தன் பையில் வந்துவிட்ட வகுப்புத் தோழனின் கொப்பியைத் திருப்பிக் கொடுக்க, பக்கத்துக் கிராமத்துக்கு ஓடும் ஒரு சிறுவனின் கதை. நடித்தவர்கள் கோகர் என்ற அந்த ஊர்ப் பிள்ளைகள். 1990 ஜூனில் அந்தப் பகுதியில் பெரிய பூமியதிர்ச்சி வந்து பல்லாயிரம் பேர் இறந்தார்கள். தன் படத்தில் நடித்த பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிக் கியாரொஸ்தமி அங்கே போனார். அந்தத் தேடலையே பிறகு 1992இல் இன்னொரு படமாக்கினார். அதில் ஒரு காட்சி: வீடுகள் இடிந்து கிடக்கின்றன, கூடாரத்துக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன் தொலைக்காட்சி அன்டெனாவைக் கட்டிக்கொண்டிருக்கிறான். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பார்க்க வேண்டுமாம். எனக்கு அது விளங்கவில்லை. இத்தனை மரணத்துக்கு நடுவில் விளையாட்டா என்று கேட்டேன்.

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா: "கடல் வந்து நாலாம் நாள், நாங்க தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில ஒரு பொடியன் ஒடஞ்ச ரேடியோ ஒண்டத் திருத்திக்கிட்டு இருந்தான். எல்லாரும் ஏசினாங்க. பின்னேரம் அதச் சுத்தித்தான் எல்லாரும் இருந்த."

2004 டிசம்பர் 26இல் நான் கைக்குழந்தை. இலங்கையில் அதிகமான உயிர்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் எங்கள் அம்பாறை. அந்த நாட்களைப் பற்றி உம்மா என்னிடம் அதற்கு முன் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. நானும் கேட்கத் துணிந்ததில்லை. எங்கோ ஈரானில் ஒருவன் கட்டிய அன்டெனாதான் உம்மாவைப் பேசவைத்தது. நான் தனியாக அறைக்குள் பார்த்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

இனிப் பாடல். என் வயதுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ரசனை இது. வாப்பா கலியாணத்துக்கு முன் கட்டாரில் வேலை செய்தவர். அறைத்தோழராக இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குத் திரும்பும்போது, தானே பதிவு செய்த 90 நிமிடக் கெசட் ஒன்றை வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் கேட் ஸ்டீவன்ஸின் 'டீ ஃபோர் த டில்லர்மன்', மறுபக்கம் பிங்க் ஃப்ளொய்டின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்'. வாப்பாவுக்கு இந்தப் பெயர்கள் வாயில் நுழையாது. ஒன்றைத் 'தேத்தண்ணிப் பக்கம்' என்பார். மற்றதில் மணிக்கூடுகள் ஒன்றாக அடிக்கும் இடம் இருப்பதால் அது 'மணிக்கூட்டுப் பக்கம்'. கெசட்டில் பாட்டைத் தாண்டிப் போவது சிரமம் என்பதால், முதலிலிருந்து கடைசிவரை கேட்டே பழகினோம். ஓர் அல்பத்தைக் கதைபோல முழுதாகக் கேட்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

மணிக்கூட்டுப் பக்கம் 1973இல் வெளியானது. அதில் ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் குரலால் மட்டும் ஏங்கி, கதறி, ஓய்ந்து போகும் ஒரு பாடல் இருக்கிறது. பாடியவர் கிளெயார் டொரி. அந்த ஒரு நாள் வேலைக்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண். அந்த மெட்டில் தனக்கும் பங்குண்டு என்று 2004இல் வழக்குத் தொடர்ந்தார்; அடுத்த வருடம் இணக்கம் ஏற்பட்டு, பாடலாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. எங்கள் மூத்தம்மாமார் பிள்ளைகளை உறங்கவைக்கப் பாடிய ஓராட்டுகளையும் வயல் வெளிகளில் பிறந்த கவிகளையும் யார் இயற்றினார்கள் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. கிளெயார் டொரியின் பெயரைப் படித்தபோது அவர்களைத்தான் நினைத்தேன்.

"பாட்டும் படமும் நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. தேத்தண்ணிப் பக்கத்தின் பாடகரே இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர்தான். கேட் ஸ்டீவன்ஸ் 1977இல் இஸ்லாத்தைத் தழுவி, அடுத்த வருடம் யூசுப் இஸ்லாம் ஆனார். 1979இல் தன் கிற்றார்களை நற்பணிக்காக ஏலத்தில் விட்டார். 1983இல் லண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கினார். நீண்ட காலம் கிற்றாரைத் தொடவில்லை. பிறகு மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிற்றாரை மீண்டும் கையில் எடுத்து, 2006இல் புதிய அல்பம் வெளியிட்டார். விட்டதும் எடுத்ததும் அவரே யோசித்துச் செய்தவை. ஊருக்காக அவர் தன் விருப்பத்தை மாற்றி எழுதவில்லை.

தேத்தண்ணிப் பக்கத்தில் தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் ஒரு பாடல் உண்டு. இரண்டு குரலும் அவருடையதுதான். 2020இல் அதை மீண்டும் பதிவு செய்தபோது, மகனின் பகுதிக்கு 22 வயதில் தான் பாடிய பழைய பதிவையே வைத்தார். தகப்பனின் பகுதியை 72 வயதுக் குரலில் பாடினார். வாப்பாவுக்கு என் தொலைபேசியில் இதைப் போட்டுக் காட்டினேன். பாடல் முடிந்ததும், "உயர்தரம் முடிஞ்சா எந்தக் கெம்பசுக்குப் போக விருப்பம்?" என்று கேட்டார். ஊரிலேயே பல்கலைக்கழகம் இருக்கும்போது அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இவ்வளவும் சொன்ன நான் ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு நல்ல படம் பார்த்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. தங்கச்சி தனக்குப் பிடித்த நடிகரின் பாட்டொன்றைக் காட்ட வந்தபோது, "இதெல்லாம் ஒரு படமா?" என்றேன். அவள் பேசாமல் போய்விட்டாள். அதன் பிறகு என்ன பார்க்கிறாள் என்று என்னிடம் சொல்வதே இல்லை. ஓட்டோகிராப்பில் நான் எதற்குப் பயந்தேனோ, அந்தப் பயத்தை என் தங்கச்சிக்கு நானே கொடுத்திருக்கிறேன். பல நாள் கழித்து மன்னிப்புக் கேட்டு, அந்தப் பாட்டைக் காட்டச் சொன்னேன். "கடைசி வரிசையில ஆடுற பொம்புளையப் பாருங்க ராத்தா. அவ மட்டுந்தான் உண்மையா சிரிச்சிட்டு ஆடுறா" என்றாள். நான் நாயகனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத் தெரிந்தவள் அவள்தான்.

கலைப்படம் பார்ப்பவள் உயர்ந்தவள் என்றோ, பழைய ரொக் இசை கேட்காதவளுக்கு ரசனை இல்லை என்றோ நான் சொல்ல வரவில்லை. பிடித்ததை ஒளிப்பதும் தவறு, அதைக் காட்டி அடுத்தவளைச் சிறுமைப்படுத்துவதும் தவறு என்பதே என் கருத்து. கலியாண வீட்டுச் சஹனைச் சுற்றி உட்காரும்போது, நமக்குப் பிடித்த இறைச்சித் துண்டை எடுத்துப் பக்கத்திலிருப்பவளின் பக்கம் தள்ளிவைக்கிறோம். சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவதில்லை. அவளும் தன் பக்கத்திலிருந்து ஒன்றைத் தள்ளிவைப்பாள். ரசனையையும் அப்படிப் பகிர்ந்துகொள்ளலாம்.

தோழியரே, எங்கள் தமிழ் இலக்கிய மன்றத்துக்கு ஒரு யோசனை. பேச்சு, கவிதை, பட்டிமன்றம் எல்லாம் நடக்கின்றன. மாதத்தில் ஒரு தடவை பத்தே நிமிடம், ஒரு மாணவி முன்னால் வந்து தனக்கு உண்மையில் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசட்டும். படமாகவும் இருக்கலாம், கவிதை, கஸீதா, கிரிக்கெட் ஆட்டம், உம்மாவின் பின்னல் வேலை, எதுவாகவும் இருக்கலாம். ஏன் பிடிக்கும் என்று மட்டும் சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்கு ஒரே நிபந்தனை: சிரிக்கக் கூடாது.

சமீரா மக்மல்பாஃப் என்ற ஈரானியப் பெண் 'த அப்பிள்' என்ற தன் முதல் படத்தை எடுத்தபோது அவருக்கு வயது 17. வீட்டுக்குள் வருடக்கணக்காகப் பூட்டிவைக்கப்பட்டிருந்த இரட்டைச் சிறுமிகளின் உண்மைக் கதை அது. அந்தக் குடும்பத்தவரே நடித்தார்கள். 1998இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. எங்கள் வயதில் ஒருத்தி உலகத்துக்கு முன்னால் தன் விருப்பத்தை வைத்திருக்கிறாள். எங்களுக்குத் தேவை ஒரு வகுப்பறைக்கு முன்னால் பத்து நிமிடம்.

முதல் மாதத்துக்கு என் பெயரை நானே கொடுக்கிறேன். வாப்பாவின் கெசட்டையும் கொண்டுவருவேன். போட்டுக் கேட்க, இன்னும் வேலை செய்கிற ரெக்கோர்டர் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள்.